யுரேனியம் போன பிறகு மிஞ்சும் மண்

மேரி கியூரியின் கொட்டகை வாசலில் வந்து இறங்கிய மூட்டைகளில் இருந்தது சுரங்கத்திலிருந்து நேராக வெட்டியெடுத்த தாது அல்ல. பழுப்பு நிறத் தூள். அதில் பைன் மரத்தின் ஊசி இலைகள் கலந்து கிடந்தன. இன்றைய செக் குடியரசில் இருக்கும் யாகிமோவ், அன்றைக்கு ஆஸ்திரியப் பேரரசின் யோகிம்ஸ்தால். அங்கே கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமேற்றுவதற்காகத் தாதுவிலிருந்து யுரேனியத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்துப் பைன் காட்டில் கொட்டி வைத்திருந்தார்கள். யாருக்கும் வேண்டாத மண். அதைத்தான் அவர் கேட்டு வாங்கினார். டன் கணக்கில் அதைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, படியவைத்து, 1902இல் பத்தில் ஒரு கிராம் ரேடியம் குளோரைடைத் தனியே எடுத்தார்.

இந்தக் கதையைப் பள்ளியில் படிக்கும்போது விடாமுயற்சிக்கு உதாரணமாகத்தான் சொல்லித் தந்தார்கள். வேதியியல் படித்து முடித்துப் பல வருடங்கள் கழித்து, யுரேனிய ஆலைகளுக்கான உரிம விதிகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அதன் இன்னொரு பக்கம் உறைத்தது. யுரேனியத்தை எடுத்த பிறகும் கதிரியக்கத்தின் பெரும்பங்கு மிச்ச மண்ணிலேயே தங்குகிறது என்பது உலகுக்குத் தெரிந்தது அந்த மூட்டைகளில்தான். ரேடியத்தின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்படியிருந்தும், அந்த மிச்ச மண்ணுக்கென்று அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது 1978இல். நடுவில் போன அந்த முக்கால் நூற்றாண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எதையும் பிழிந்தால் சத்தெல்லாம் சாற்றோடு போய்விடும், சக்கையில் ஒன்றும் இருக்காது என்பதுதான் நம் பொது அனுபவம். யுரேனியத்தில் அது தலைகீழ். யுரேனியம்-238 மிக மெதுவாகச் சிதைவது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 450 கோடி ஆண்டுகள். சிதையச் சிதைய அது ஒரு நீண்ட வம்சத்தையே உண்டாக்குகிறது: தோரியம்-230, ரேடியம்-226, ரேடான் வாயு, பொலோனியம், கடைசியில் ஈயம். பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் இந்த வம்சம் முழுவதும் ஒன்றாகவே குடியிருக்கிறது. ஆலை செய்வதெல்லாம் அதில் யுரேனியத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போவதுதான். மற்றவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். தாதுவில் முதலில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் கசடில் மிஞ்சுகிறது. எடையிலும் அப்படித்தான். தாதுவில் யுரேனியம் 0.1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் பாறைக்குக் கிடைப்பது ஒரு கிலோ. மீதி 999 கிலோ, அரைத்த அமிலக் கூழாக, ஆலையின் பின்பக்கம் போகிறது.

ஆலைக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பாறையை உடைத்து, தண்ணீரோடு சேர்த்து மெல்லிய மணலாகும் வரை அரைக்கிறார்கள். அப்புறம் பெரிய தொட்டிகளில் கந்தக அமிலத்தோடு மணிக்கணக்கில் கலக்குகிறார்கள். தாதுவில் இருக்கும் யுரேனியத்தில் ஒரு பங்கு சுலபத்தில் கரையாத வடிவத்தில் இருக்கும். அதைக் கரையும் வடிவத்துக்குக் கொண்டுவர மாங்கனீசு டை ஆக்சைடோ சோடியம் குளோரேட்டோ சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு நிறைந்த பாறை என்றால் அமிலத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும் என்பதால் சோடியம் கார்பனேட்டைப் பயன்படுத்துவார்கள். கரைசலைத் தெளியவைத்து, மண்ணெண்ணெயில் கலந்த ஒரு அமீன் சேர்மத்தோடு குலுக்கினால் யுரேனியம் மட்டும் எண்ணெய்ப் பக்கம் தாவும். அதிலிருந்து மறுபடி நீருக்கு இறக்கி, அம்மோனியாவைச் செலுத்தினால் மஞ்சள் வண்டலாக அடியில் படியும். உலர்த்தி டிரம்மில் அடைத்தால் அதுதான் மஞ்சள் கேக். பெயர்தான் மஞ்சள். எந்தச் சூட்டில் உலர்த்துகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பழுப்பாகவும் இருக்கும், கிட்டத்தட்டக் கறுப்பாகவும் இருக்கும். 200 லிட்டர் டிரம் ஒன்றில் சுமார் 400 கிலோ பிடிக்கும்.

அந்த டிரம்மின் பக்கத்தில் நிற்பதில் பெரிய ஆபத்து இல்லை; தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. அதுவும் முதல் அடி விழுவது சிறுநீரகத்தில். யுரேனியம் ஒரு கன உலோகம், ஈயத்தைப் போல நஞ்சு. அதனால்தான் அமெரிக்க விதிகளில் கதிர்வீச்சு வரம்போடு ஒரு வேதியியல் வரம்பும் தனியாக இருக்கிறது: நீரில் கரையும் வகை யுரேனியம் ஒரு தொழிலாளியின் உடலுக்குள் வாரத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. போயிற்றா இல்லையா என்று பார்க்க, உலர்த்தும் பகுதியில் வேலை செய்பவர்களின் சிறுநீரைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கிறார்கள். வேலையாளின் பெயரெழுதிய ஒரு சிறிய புட்டி. இந்தத் தொழிலின் கட்டுப்பாடு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் புட்டிதான். டிரம்மின் எடைச்சீட்டைவிட அது முக்கியம் என்று நினைக்கிறேன்.

சரி, பின்பக்கத்துக்குப் போவோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் யுரேனியத்தை வாங்க ஒரே ஆள்தான் இருந்தார், அரசின் அணுசக்தி ஆணையம். விலை சொல்வதும் அதுவே, உரிமம் கொடுப்பதும் அதுவே. அதன் கண்ணெல்லாம் டிரம்மின் மேல் இருந்தது. கசடைப் பற்றிக் கேட்டபோது, அது தங்கள் அதிகாரத்துக்குள் வராது என்றே சொல்லி வந்தார்கள். காரணம் ஒரு எண். யுரேனியமோ தோரியமோ எடையில் 0.05 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் பொருளுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி. ஆலை தன் வேலையை ஒழுங்காகச் செய்தாலே கசடில் யுரேனியம் அந்த அளவுக்குக் கீழே போய்விடும். சட்டம் யுரேனியத்தை எடைபோட்டது, ரேடியத்தை எடைபோடவில்லை. ஆக, ஆலை எவ்வளவு நன்றாக யுரேனியத்தைப் பிழிந்ததோ, அவ்வளவு நன்றாக அதன் கசடு சட்டத்தின் கையிலிருந்து நழுவியது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. விதியின் சொல்லை அப்படியே பின்பற்றினார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

விளைவு என்ன என்பதை கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன் ஊரில் பார்க்கலாம். ஊரை ஒட்டியிருந்த ஆலையின் கசடு பார்ப்பதற்கு நல்ல மணல் மாதிரியே இருந்தது. சீராக அரைத்தது, கல் இல்லாதது. 1950களிலும் 60களிலும் கட்டடக்காரர்கள் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். அஸ்திவாரக் குழியை நிரப்ப, தளத்துக்கு அடியில் பரப்ப, சிமென்ட்டில் கலக்க, தோட்டத்தில் போட. ரேடியம் சிதையும்போது வரும் ரேடான் ஒரு வாயு. அது மணலுக்குள் அடங்கிக் கிடக்காது. தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறும். மூச்சில் போய் நுரையீரலில் அதன் வாரிசுகளை விட்டுவைக்கும். சுரங்கத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரக் காரணம் இதே ரேடான்தான். ஐரோப்பியச் சுரங்க ஊர்களில் அதை மலைநோய் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். இப்போது அது சுரங்கத்துக்குள் கால் வைக்காத குடும்பங்களின் வீட்டுக்குள் வந்திருந்தது. 1972இல் நாடாளுமன்றம் அந்த ஊருக்கென்றே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. பின்னாளில் அங்கே 4,000க்கும் மேற்பட்ட மனைகளில் கசடைத் தோண்டி எடுத்தார்கள்.

1978இல் வந்தது யுரேனிய ஆலைக் கசடு கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் இதயம் ஒரே ஒரு திருத்தம். 1954ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தில் துணைப்பொருள் என்ற சொல்லுக்கு இருந்த விளக்கத்தில் ஒரு புது உட்பிரிவைச் சேர்த்தார்கள். முதன்மையாக யுரேனியத்துக்காகவோ தோரியத்துக்காகவோ தாதுவைப் பதப்படுத்தும்போது உண்டாகும் கசடும் கழிவும் துணைப்பொருள்தான் என்று அது சொல்கிறது. துறைக்காரர்கள் இதை 11இ(2) என்று பிரிவு எண்ணாலேயே அழைக்கிறார்கள். 0.05 சதவீதம் என்ற கேள்வியே இதில் எழவில்லை. எவ்வளவு யுரேனியம் மிச்சம் என்று பார்க்காமல், இந்த மண் எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறது. ஒரு பொருளை அதன் பிறப்பை வைத்து அடையாளம் காண்பது என்ற அந்த யோசனையை எழுதியவர் யாரோ, அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சட்டம் வேலையையும் பிரித்துக் கொடுத்தது. ஏற்கெனவே மூடிக் கிடந்த பழைய ஆலைகளை எரிசக்தித் துறை சுத்தம் செய்ய வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பொது வரம்புகளை வகுக்க வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமோ, அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மாநிலமோ உரிமம் கொடுத்து அவற்றை நடைமுறைப்படுத்த வேண்டும். யூட்டா, டெக்சஸ், கொலராடோ, 2018இலிருந்து வயோமிங் ஆகியவை அப்படிப்பட்ட மாநிலங்கள்.

அடுத்த கோடையிலேயே சட்டம் ஏன் வந்தது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். 1979 ஜூலை 16, விடியற்காலை, நியூ மெக்சிகோவின் சர்ச் ராக். கசடைத் தேக்கி வைத்திருந்த மண் அணையில் சுமார் 6 மீட்டர் அகலத்துக்கு உடைப்பு. அணையின் அடியிலிருந்த மண் சமமாக அமுங்காமல் இறங்கியிருந்தது. விரிசல்களை முன்பே பார்த்திருந்தார்கள். 35 கோடி லிட்டருக்கும் அதிகமான அமில நீரும் சுமார் 1,100 டன் கசடும் புவெர்க்கோ ஆற்றில் போய் விழுந்தன. நவாஹோ மக்கள் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் ஆறு அது. அதே ஆண்டு மார்ச்சில் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில் நடந்த விபத்தை உலகமே அறியும். அங்கே வெளியேறியதைவிட இங்கே வெளியேறிய கதிரியக்கம் அதிகம். ஆனால் சர்ச் ராக் என்ற பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? உலை என்றால் எல்லோருக்கும் பயம், கசடு தேங்கும் குட்டை என்றால் யாருக்கும் பயமில்லை.

நடைமுறை விதிகள் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதித்தொகுப்பில் ஒரு பிற்சேர்க்கையாக இருக்கின்றன. பதின்மூன்று தலைப்புகள். வறண்ட எழுத்துதான், ஆனால் நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் படிப்பது அதைத்தான். கசடை முடிந்தவரை தரைமட்டத்துக்குக் கீழே புதைப்பதே முதல் தேர்வாக இருக்க வேண்டும். புது குட்டைக்கு அடியில் நீர் கசியாத விரிப்பு வேண்டும். மூடிய பின் தொடர்ந்து ஆள் வைத்துப் பராமரிக்க வேண்டிய அவசியமே வராதபடி கட்ட வேண்டும். மேலே களிமண் அடுக்கு. ரேடான் அதைக் கடந்து மேலே வருவதற்குள் சிதைந்துவிட வேண்டும். ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள்தான் என்பதால் அதைத் தாமதப்படுத்தினாலே போதும், தடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு எளிய, அழகான யோசனை! மூடியின் மேல் ஒரு சதுர மீட்டரிலிருந்து விநாடிக்கு 20 பிக்கோகியூரிக்கு (கதிரியக்கத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) மேல் ரேடான் வரக் கூடாது. களிமண் அரித்துப் போகாமல் அதன் மேல் கல் பரப்புவார்கள். இதெல்லாம் எவ்வளவு காலத்துக்கு? நியாயமாக முடிந்தவரை 1,000 ஆண்டுகள், எப்படியும் 200 ஆண்டுகளுக்குக் குறையாமல்.

இந்த வரியில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். ரேடியம்-226இன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அதைப் பெற்றெடுக்கும் தோரியம்-230இன் அரை ஆயுள் சுமார் 75,000 ஆண்டுகள். அதாவது 1,000 ஆண்டு கழிந்தாலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆஸ்திரேலியாவில், ககாடு தேசியப் பூங்காவால் சூழப்பட்ட ரேஞ்சர் சுரங்கத்துக்கு விதித்த நிபந்தனை வேறு: கசடு குறைந்தது 10,000 ஆண்டுகளுக்குச் சூழலிலிருந்து பிரிந்தே இருக்க வேண்டும். அதனால் அங்கே குட்டையில் இருந்த கசடை மறுபடி தோண்டியெடுத்து, சுரங்கம் வெட்டிய அதே குழிக்குள் இறக்கினார்கள். வாக்குறுதியின் நீளம் கூடினால் வேலையின் ஆழமும் கூடுகிறது. 200 என்பது பொறியாளர் உறுதியாகக் கையெழுத்துப் போடக்கூடிய எண் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எனக்கு ஆஸ்திரேலியாவின் எண்தான் நேர்மையாகப் படுகிறது.

பணம் இன்னொரு பாடம். ஆலையை இடித்துக் கசடை மூடுவதற்கான முழுச் செலவுக்கும் பிணை காட்டிய பிறகுதான் வேலையை ஆரம்பிக்கலாம். அந்தத் தொகையை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு யூட்டாவின் மோவாபைப் பார்க்கலாம். கொலராடோ ஆற்றங்கரையிலேயே 1.6 கோடி டன் கசடு மலை. நடத்திய நிறுவனம் 1998இல் திவாலானது. இருந்த பிணை எந்த மூலைக்கும் போதவில்லை. கடைசியில் எரிசக்தித் துறை பொறுப்பேற்று, 2009இலிருந்து அந்த மலையை ரயில் பெட்டிகளில் ஏற்றி, 48 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு குழிக்கு ஆண்டுக்கணக்கில் கொண்டுபோனது. செலவு மக்கள் தலையில்.

மூடிய பின் நிலம் அரசுக்குப் போகிறது, என்றென்றைக்கும். அதற்கு நிறுவனம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை 1978 மதிப்பில் 2,50,000 டாலர். பணவீக்கம் போக ஆண்டுக்கு ஒரு சதவீத வட்டி கிடைக்கும், அந்த வட்டியில் ஆண்டுதோறும் ஒருவரை அனுப்பிப் பார்த்துவரலாம் என்பது கணக்கு. அதாவது அன்றைய மதிப்பில் வருடத்துக்கு 2,500 டாலர், உலகம் உள்ளவரை.

இனி சட்டத்தின் எல்லைக்கோடு. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரம் ஆலை வாசலில் தொடங்குகிறது. சுரங்கம் அதற்கு வெளியே. சுரங்க வாயிலில் கொட்டிய கழிவுப் பாறை, ஆலைக்குப் போகாத மட்டரகத் தாது, இவற்றின் கதி மாநிலச் சட்டத்தையும் நில உரிமையையும் பொறுத்தது. நவாஹோ நிலத்தில் 1944க்கும் 1986க்கும் இடையில் சுமார் 3 கோடி டன் தாது வெட்டினார்கள். 500க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. அந்தப் பாறைகளை எடுத்து வீடு கட்டிய குடும்பங்கள் உண்டு. 1990இல் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 2005இல் நவாஹோ அரசு தன் மண்ணில் யுரேனியம் எடுப்பதையே தடை செய்தது. கனடாவில் இந்தப் பிளவு இல்லை. அங்கே சுரங்கமும் ஆலையும் ஒரே அணுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ், ஒரே விதித்தொகுப்பில். இடத்தைத் தயார்செய்வதிலிருந்து கடைசியில் விட்டு விலகுவது வரை கட்டத்துக்குக் கட்டம் உரிமம் வாங்க வேண்டும். பாறைக்கு ஆலை வாசல் தெரியாது; ரேடானுக்கும் தெரியாது. அந்த விஷயத்தில் கனடா செய்தது சரி.

இப்போது உலகத்தின் யுரேனியத்தில் பாதிக்கும் மேல் பாறையை வெட்டாமலே வருகிறது. மணற்கல் படுகைக்குள் கிணறுகள் போட்டுக் கரைசலைச் செலுத்தி, கரைந்து வருவதை நடுக்கிணற்றில் இறைப்பது. கஜகஸ்தானில் கந்தக அமிலம். அமெரிக்காவில் ஆக்சிஜனும் சோடியம் பைகார்பனேட்டும். மேலே வந்த நீர், பிசின் மணிகள் நிரப்பிய உருளை வழியாகப் போகும்; மீன் முட்டை அளவுள்ள அந்த மணிகள் யுரேனியத்தைப் பிடித்துக்கொள்ளும். குட்டை மலையளவுக்கு வளராது, அணை உடையாது. நிஜமான முன்னேற்றம்தான். அமெரிக்காவில் இதை ஆலைக்கே உரிய விதிகளின் கீழ் கொண்டுவந்ததும் நியாயமே. தாதுவைக் கரைப்பது ஆலை வேலை, இங்கே ஆலை நிலத்துக்கடியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இங்கே பணயம் வைப்பது நீரை. முதலில் அந்தப் படுகைப் பகுதி இப்போதும் குடிநீராகப் பயன்படவில்லை, இனிமேலும் பயன்படாது என்று விலக்கு வாங்க வேண்டும். செலுத்துவதைவிட ஓரிரு சதவீதம் கூடுதலாக இறைத்தால், நீரோட்டம் எப்போதும் உள்நோக்கியே இருக்கும். சுற்றிலும் கண்காணிப்புக் கிணறுகளின் வளையம். அவற்றில் முதலில் தேடுவது யுரேனியத்தை அல்ல, குளோரைடை. பாறையில் ஒட்டாமல் நீரோடு முன்னால் ஓடிவருவது அதுதான், வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும். எல்லாம் நன்றாக யோசித்தவை. சிக்கல் கடைசியில் வருகிறது. வேலை முடிந்ததும் நீரைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும் என்பது விதி. கழுவுகிறார்கள், எதிர்ச் சவ்வூடு வடிகட்டியில் விடுகிறார்கள், ஆனாலும் யுரேனியம் உள்ளிட்ட சில தனிமங்கள் பல இடங்களில் பழைய அளவுக்கு இறங்குவதில்லை. அப்போது மாற்று வரம்பு கேட்டு மனு போட விதியே இடம் கொடுக்கிறது. இனிமேலும் பயன்படாது என்று ஒரு நீரைப் பற்றி இன்று எழுதிக் கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? வறட்சி எங்கே எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? இந்தக் கையெழுத்துதான் இந்தத் தொழிலிலேயே மிகப் பெரிய கையெழுத்து என்று எனக்குத் தோன்றுகிறது. 0.05 சதவீதத்தைப் போல இதுவும் காகிதத்தில் சாதாரணமாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் அரசின் பொறுப்புக்கு வந்துவிட்ட கசடு மேடுகளுக்கு ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர்கள் போகிறார்கள். கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். கல் பரப்பின் மேல் நடந்து பார்க்கிறார்கள். எங்கேயாவது பள்ளம் இறங்கியிருக்கிறதா, கல் உடைந்து மண்ணாகிறதா, ஆழமாக வேர்விடும் செடி ஏதாவது களிமண்ணுக்குள் புகுந்திருக்கிறதா, வேலி நிற்கிறதா, எச்சரிக்கைப் பலகை கிழிந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறார்கள். மேட்டில் ஒரு கருங்கல் பதித்திருக்கும். அதில் மேட்டின் வரைபடம், மூடிய தேதி, உள்ளே எத்தனை டன், எத்தனை கியூரி என்று வெட்டியிருப்பார்கள். யோகிம்ஸ்தால் காட்டில் மூட்டை கட்டிய மண்ணிலிருந்து ரேடியத்தைப் பிரித்தெடுத்த குடும்பத்தின் பெயரே அந்தக் கல்லில் அளவையாக நிற்கிறது. எழுத்து தேய்ந்திருக்கிறதா என்று ஆய்வாளர் அதையும் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, வேலிக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறார். அடுத்த வருடம் இன்னொருவர் வருவார்.